ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கலாமா? – ஓட்டுநரில்லாக் கார்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில் ஓட்டுநரில்லாக் கார்கள் பற்றி ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்கள் அந்தச் செய்தியைவிடப் பல மடங்கு நீளமானவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்தாண்டுகளாக "இதோ வந்துவிட்டது" என்றே படித்து வருகிறேன். ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்லும் கார் உலகில் எங்காவது உண்மையிலேயே ஓடுகிறதா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

ஓடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரப் பகுதியில் 2020 அக்டோபர் முதல், கூகுள் குழுமத்தைச் சேர்ந்த வேமோ நிறுவனம் ஆளில்லா டாக்சிகளைப் பொதுமக்களுக்காக இயக்கி வருகிறது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின், அட்லாண்டா ஆகிய நகரங்களுக்கும் சேவை விரிந்தது. கட்டணம் செலுத்தி மக்கள் மேற்கொண்ட பயணங்கள் 2025 மே மாதத்தில் 1 கோடியைத் தாண்டின. சீனாவில் வூஹான் உள்ளிட்ட நகரங்களில் பைடு நிறுவனத்தின் வண்டிகள் ஓடுகின்றன.

ஆனாலும் உங்கள் சலிப்பு நியாயமானதுதான், ஏனென்றால் இந்தத் துறையில் வாக்குறுதி எப்போதும் வண்டியைவிட வேகமாகவே ஓடியிருக்கிறது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்ற பேராசிரியரின் குழு 1995-ஆம் ஆண்டிலேயே ஒரு மெர்சிடிஸ் காரை மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடென்சே வரை பெரும்பகுதித் தொலைவு தானாக ஓடவிட்டுத் திரும்பியது. மணிக்கு 175 கி.மீ. வேகத்தைக்கூட அந்த வண்டி தொட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004 மார்ச்சில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான தார்ப்பா மொஹாவி பாலைவனத்தில் ஏறத்தாழ 230 கி.மீ. பாதையில் ஒரு பந்தயம் வைத்தபோது, எல்லாரையும் விட அதிகத் தொலைவு சென்ற வண்டியே 12 கி.மீ.க்கு உள்ளாகச் சிக்கி நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் ஐந்து வண்டிகள் 212 கி.மீ. பாதையை முழுமையாகக் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி ஏழு மணி நேரத்துக்குள் முடித்து 20 லட்சம் டாலர் பரிசைப் பெற்றது. நெடுஞ்சாலையில் 175 கி.மீ. வேகத்தில் ஓடிய நுட்பம் பாலைவனத்தில் தடுமாறியதும், பாலைவனத்தைக் கடந்த நுட்பம் நகரத் தெருவுக்குள் நுழைய மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்ததும் தற்செயலானவை அல்ல. இந்த வண்டி ஓடுமா என்று கேட்டால் எப்போதும் அரைகுறைப் பதிலே கிடைக்கும். எந்தச் சாலையில், எந்த வானிலையில், யாருடைய பொறுப்பில் ஓடும் என்று கேட்க வேண்டும். டெஸ்லா நிறுவனத்தின் எலான் மஸ்க் 2020-க்குள் பத்து லட்சம் ரோபோ டாக்சிகள் இருக்கும் என்று 2019-இல் சொன்னபோது அந்த மூன்றையும் சொல்லவில்லை. அவருடைய டாக்சி சேவை ஆஸ்டின் நகரில் 2025 ஜூனில்தான், முன் பயணி இருக்கையில் ஒரு நிறுவன ஊழியரை உட்காரவைத்துக்கொண்டு, ஒரு சில கார்களுடன் தொடங்கியது.

இந்தக் கார்கள் சாலையை எப்படிப் பார்க்கின்றன? கேமரா மட்டும் போதும் என்று ஒரு நிறுவனமும், லைடார் இல்லாமல் முடியாது என்று மற்றவர்களும் சொல்வதில் எது சரி?
– பொறியியல் கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

லைடார் கண்ணுக்குப் புலப்படாத ஒளித்துடிப்புகளை எல்லாத் திசைகளிலும் வீசி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் அளக்கிறது. இருட்டு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சிக்னல் விளக்கு சிவப்பா பச்சையா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கேமராதான் சொல்ல வேண்டும். கேமராவோ எதிர்வெயிலிலும் இரவிலும் திணறுவதுடன், தொலைவை அளக்காமல் ஊகிக்கவே செய்கிறது. ரேடார் மழையையும் மூடுபனியையும் ஊடுருவிப் பார்க்கிறது, எதிரிலுள்ள பொருளின் வேகத்தை நேரடியாகச் சொல்கிறது, ஆனால் உருவத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

ரேடாரில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. நெடுஞ்சாலையில் மேம்பாலம், பெயர்ப்பலகை, இரும்பு மூடி என அசையாத பொருள்கள் எங்கும் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடவே ஓடாது. ஆகவே பழைய ஓட்டுநர் உதவி அமைப்புகளில் அசையாத பொருள்களிலிருந்து வரும் எதிரொலிகளில் பெரும்பாலானவற்றைப் புறக்கணித்துவிடும்படி மென்பொருளை எழுதினார்கள். சாலையில் நின்றுகொண்டிருக்கும் தீயணைப்பு வண்டியும் அசையாத பொருள்தானே! நின்றிருந்த அவசரகால ஊர்திகள்மீது டெஸ்லா கார்கள் மோதிய நிகழ்வுகள் குறித்து 2021 ஆகஸ்டில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மனிதர்கள் இரண்டு கண்களைக் கொண்டுதானே ஓட்டுகிறார்கள் என்பது கேமராக் கட்சியின் வாதம். அந்தக் கண்களுக்குப் பின்னால் இருக்கும் மூளையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் கருத்து. ஒரு காலத்தில் கூரைமேல் பொருத்தும் லைடார் ஒன்றின் விலை 75,000 டாலர் வரை இருந்தது. அன்று கேமராவே போதும் என்று சொல்லப் பொருளாதாரக் காரணம் இருந்தது. இன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கும் நிலையில் அந்தக் காரணம் மெலிந்துவிட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம்: பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஆஸ்திரேலியாவில் சோதனை செய்த வோல்வோ பொறியாளர்கள், தங்கள் விலங்கறியும் அமைப்பு கங்காருவிடம் குழம்பிப்போவதாக 2017-இல் தெரிவித்தார்கள். பொருள் தரையைத் தொடும் இடத்தைக் கொண்டு அது தொலைவைக் கணித்தது. கங்காரு தாவி மேலெழும்போது தொலைவில் இருப்பதாகவும், தரையில் இறங்கும்போது அருகில் இருப்பதாகவும் அதற்குத் தோன்றியது. ஸ்வீடன் நாட்டின் மான்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் வேறென்ன செய்யும்?

நாங்கள் வாங்கிய புதிய காரில் தடம் விலகாமல் ஓட்டுவது, முன்வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைப்பது ஆகிய வசதிகள் உள்ளன. "இது பாதித் தானியங்கி" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, என் கணவர் நான்குவழிச் சாலையில் கையை எடுத்துவிட்டுக் கைப்பேசி பார்க்கிறார். இது சரியா?
– இல்லத்தரசி, மதுரை

சரியல்ல. இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

தானியங்கி ஓட்டத்தை எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-இல் பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாக வகுத்தது. உங்கள் கார் இருப்பது இரண்டாம் நிலையில். அந்த நிலையில் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கார் கவனித்துக்கொண்டாலும், ஓட்டுபவர் உங்கள் கணவர்தான். சாலையைப் பார்க்க வேண்டியவரும், விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மூன்றாம் நிலையில்தான், வரையறுத்த சூழலில், பொறுப்பு காருக்கு மாறுகிறது. அந்த வரையறை எவ்வளவு குறுகியது என்பதற்கு மெர்சிடிஸ் நிறுவனத்தின் அமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றபோது, நெரிசலான நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகம் வரை மட்டுமே அது இயங்க அனுமதி இருந்தது; நிலைமை மாறினால் ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிடும். பாதி, முக்கால் என்ற பேச்செல்லாம் விற்பனைக் கூடத்துக்கு உரியது. சட்டத்தின் முன் ஓட்டுபவர் ஒருவரே.

மேற்பார்வை மட்டும் செய்வது ஓட்டுவதைவிடக் கடினமான வேலை என்பதைப் பலரும் உணர்வதில்லை. கைக்கும் காலுக்கும் வேலை இல்லாதபோது கவனம் சில நிமிடங்களிலேயே அலையத் தொடங்கிவிடும். நூறு முறை சரியாக ஓடிய வண்டி நூற்றோராவது முறையும் சரியாக ஓடும் என்று மனம் நம்பிவிடும். 2018 மார்ச் 18 இரவு அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது, அவர் உயிரிழந்தார். அந்தக் காரில் மேற்பார்வைக்கென்றே சம்பளம் பெற்ற ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய பார்வை கைப்பேசியில் ஓடிய நிகழ்ச்சியில் இருந்தது.

அந்த விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட விவரம் இதைவிடக் கலக்கம் தருவது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே உணரிகள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம் என்றும், மறுமுறை இன்னதென்று தெரியாத பொருள் என்றும், பிறகு சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறியபோதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையின் கணக்கு அழிந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதை எழுதியவர்கள் கருதியிருக்கவே இல்லை. ஊபர் சோதனைக்குப் பயன்படுத்திய வோல்வோ காரோடு இயல்பாக வந்த அவசரகால பிரேக் வசதியும் சோதனைக்காக அணைத்துவைக்கப்பட்டிருந்தது, ஏனென்றால் ஆபத்து வந்தால் மனிதர் பார்த்துக்கொள்வார் என்று இயந்திரத்தின் பக்கத்திலும், இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று மனிதரின் பக்கத்திலும் நம்பிக்கை இருந்தது.

அரைக்கிணறு தாண்டுவது என்பார்களே, அதுதான் இது. தானியங்கி பிரேக்கும் தட எச்சரிக்கையும் நல்ல வசதிகள். அவற்றை அணைக்கச் சொல்லவில்லை. கை ஸ்டியரிங்கிலும் கண் சாலையிலும் இருக்கும்போது அவை இரண்டாம் காவல். கை எடுக்கப்பட்டுவிட்டால் அவையே முதல் காவலாகிவிடுகின்றன; அதற்காக அவை செய்யப்படவில்லை.

மனிதர்களைவிட இந்தக் கார்கள் பாதுகாப்பானவை என்று நிறுவனங்கள் சொல்லும் புள்ளிவிவரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– காப்பீட்டு நிறுவன அலுவலர், சென்னை

தொழில்முறையில் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேமோவின் ஆய்வாளர்கள் 2025 ஜனவரி வரை ஓட்டிய 5.67 கோடி மைல்களை, அதே நகரங்களில் மனிதர்கள் ஓட்டும் வண்டிகளின் விபத்து விகிதத்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். கடுமையான காயம் விளைவித்த விபத்துகள் 85 சதவீதமும், பாதசாரிகள் காயமடைந்த விபத்துகள் 92 சதவீதமும் குறைவு என்பது அவர்களுடைய முடிவு. ஆய்வைச் செய்தவர்கள் அந்த நிறுவனத்தினர் என்பதைக் கருத்தில் கொண்டாலும், ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தோடு இணைந்து இழப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. களைப்பும் குடியும் இல்லாத ஓட்டுநர் என்ற அளவில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காயங்களைப் பொறுத்தவரை இந்த எண்களை நான் நம்புகிறேன்.

உயிரிழப்பு வேறு கணக்கு. அமெரிக்காவில் ஏறக்குறைய 10 கோடி மைல் ஓட்டத்துக்கு ஒரு மரணம் என்ற அளவில்தான் நிகழ்கிறது. அத்தனை அரிதான ஒன்றில் இயந்திரம் மனிதருக்குச் சளைத்ததல்ல என்று 95 சதவீத உறுதியோடு நிறுவ வேண்டுமானால், ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. நூறு கார்கள் இரவும் பகலும் நிற்காமல் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் மென்பொருள் எத்தனையோ முறை மாறிவிடும். பழைய மென்பொருள் ஈட்டிய நற்பெயரைப் புதியதற்கு அப்படியே எழுதி வைக்க முடியுமா என்பது விடை காணாத கேள்வி.

மேலும், சராசரி என்பது தவறுகளின் தன்மையை மறைத்துவிடும். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதித் தூக்கி எறிந்த பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காருக்கு முன்னால் விழுந்தார். அந்தக் கார் பிரேக் போட்டும் அவர்மீது ஏறி நின்றது. அங்கே எந்த ஓட்டுநரும் தடுமாறியிருப்பார். ஆனால் பக்கவாட்டில் ஏதோ மோதிவிட்டது என்று தவறாகக் கணித்த கார், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது என்ற விதிப்படி ஓரங்கட்டப் புறப்பட்டு, அடியில் கிடந்தவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. கீழே ஆள் கிடக்கிறார் என்பதை அறிய மனிதருக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அந்த இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து, கலிஃபோர்னியா அரசு உரிமத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது.

விபத்தைத் தவிர்க்க முடியாத நிலையில் முதியவரைக் காப்பாற்றுவதா, குழந்தையைக் காப்பாற்றுவதா என்று கார் எப்படி முடிவெடுக்கும்?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

எடுக்காது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தின் வழியாக இதைக் கேட்டு 233 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து சுமார் 4 கோடி விடைகளைத் திரட்டி, 2018-இல் வெளியிட்டார்கள். பண்பாட்டுக்குப் பண்பாடு மனிதர்களின் விருப்பம் எப்படி மாறுகிறது என்பதை அறிய அது சுவையான ஆய்வு. சாலையில் கார் செய்வதோ பிரேக் போடுவது, தன் தடத்திலேயே நிற்பது என்ற இரண்டும்தான். எதிரில் இருப்பது குப்பைப் பையா ஆளா என்பதே இன்னும் சிக்கலாக இருக்கும்போது வயது விசாரிப்பதெல்லாம் நமது மேடைப் பட்டிமன்றத்துக்குத்தான் பயன்படும்.

நீங்கள் சட்டம் பயில்வதால் வேறொன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் புரூனோ நகரக் காவலர்கள், தடைசெய்த இடத்தில் வளைந்து திரும்பிய ஆளில்லாக் கார் ஒன்றை மடக்கி நிறுத்தினார்கள். அபராதச் சீட்டில் ஓட்டுநர் பெயரை எழுத ஆள் இல்லை. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

டெல்லி மெட்ரோவில் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது, சென்னைக்கும் வரப்போகிறது. ரயிலால் முடிவது காரால் ஏன் முடியவில்லை?
– அஞ்சல் ஊழியர், விழுப்புரம்

டெல்லியில் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் 28 முதல் அப்படிப்பட்ட ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அத்தகைய ரயில்களே வாங்கப்படுகின்றன. ரயில் திரும்ப வேண்டியதில்லை, தண்டவாளமே திருப்பும். குறுக்கே ஆள் வரமாட்டார். முன்னால் உள்ள ரயில் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறை அறியும். அதாவது அங்கே சாலையையே இயந்திரத்துக்கு ஏற்றபடி கட்டிவிட்டார்கள். காரிடமோ மனிதர்களுக்காக உண்டான சாலையில் மனிதர்களோடு கலந்து ஓடச் சொல்கிறோம்.

சாலை தன் வழக்கத்திலிருந்து சற்று விலகினாலும் என்ன ஆகும் என்பது 2025 டிசம்பரில் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை ஏற்பட்டுச் சிக்னல்கள் அணைந்தபோது, வேமோ கார்கள் பல சந்திப்புகளில் அப்படியே நின்றுவிட்டன. சந்தேகம் வந்தால் தொலைவிலுள்ள பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள அவற்றுக்கு வழி உண்டு. எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கேட்டால் பதில் வர நேரமாகாதா? இதைவிட வேடிக்கை 2024 ஆகஸ்டில் நடந்தது. பின்னோக்கி வரும் வண்டி நெருங்கினால் ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுத்திருந்த அந்தக் கார்கள், தங்கள் நிறுத்துமிடத்தில் ஒன்றையொன்று பார்த்து விடியற்காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரை எழுப்பிவிட்டன. நம் ஊர்ப் பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல.

முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். என் மகன் கனரக வாகன உரிமம் எடுக்க வேண்டும் என்கிறான். ஓட்டுநரில்லா லாரி வந்துவிடும், வேறு வேலை பார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

ஐயா, தாராளமாக உரிமம் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் உறவினர்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே 2025 மே மாதத்தில் அரோரா என்ற நிறுவனம் ஆளில்லாத சரக்கு லாரியை வணிக முறையில் ஓட்டத் தொடங்கியது. ஆனால் சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால், கண்காணிப்பாளர் ஒருவரை மீண்டும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். ஓடுகிற பாதையும் ஒரு முனையத்திலிருந்து மற்றொரு முனையம் வரையுள்ள அகன்ற நெடுஞ்சாலை.

இந்தியச் சாலையை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சியும் நடக்கிறது. ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் ஹைதராபாத், பெங்களூரு பகுதிகளில் எடுத்த பத்தாயிரம் படங்களில் தெரியும் பொருள்களை வகை பிரித்துத் தொகுத்தார்கள். ஐரோப்பியத் தொகுப்புகளில் இல்லாத ஆட்டோ, விலங்கு ஆகிய வகைகளைச் சேர்த்ததோடு, சாலை அல்ல, ஆனாலும் வேண்டுமானால் இறக்கி ஓட்டலாம் என்ற மண்தரைக்கும் தனியாக ஒரு வகை தேவைப்பட்டது. எதிரே பேருந்து வந்தால் எந்த இடத்தில் மண்ணில் இறக்கலாம், எந்த இடத்தில் இறக்கினால் சக்கரம் புதையும் என்பது உங்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். கையை நீட்டிக்கொண்டு பாதிச் சாலையில் நிற்பவர் கடக்கப்போகிறாரா, உங்களுக்கு வழிவிட்டு நிற்கிறாரா என்பதும் அவர் முகத்தைப் பார்த்ததும் தெரியும். இயந்திரத்துக்கு மிகக் கடினமாக இருப்பது இந்த இரண்டாவதுதான்.

ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் என்பதால் இத்தகைய வாகனங்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சர்களின் சொல்லை வைத்து முப்பது ஆண்டுக்குத் திட்டமிட முடியாது என்பதால், நான் அதைவிடச் சாலையின் நிலையையே நம்புகிறேன். இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால், ஓட்டுநர் தூங்கி விழுந்தால் எச்சரிப்பது, முன்வண்டி நின்றால் தானாகப் பிரேக் போடுவது போன்றவை லாரிகளில் விரைவில் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். உங்கள் மகன் ஓட்டப்போகும் லாரியில் அவை இருக்கும். அவற்றை இயக்கவும், அவை எப்போது ஏமாற்றும் என்று அறியவும் அவர் பழகிக்கொள்ளட்டும்.

எங்கேனும் ஒருநாள் நீளமான விரைவுச் சாலையில் லாரி தானாக ஓடத் தொடங்கினாலும், சரக்கைச் சரிபார்த்துத் தார்ப்பாய் கட்டுவதும், நடுவழியில் டயர் வெடித்தால் இறங்குவதும், சோதனைச் சாவடியில் பேசுவதும், கடைசியில் மண்டிக்குள் பின்னோக்கி வண்டியை நுழைப்பதும் யார் செய்வது என்று டெக்சாஸ்காரர்களிடம் கேட்டால், முனையத்துக்கு வெளியே அதற்கெல்லாம் ஓட்டுநர்களை வைத்திருக்கிறோம் என்பார்கள்.